டை ஏத்தி எடுக்கும் எம்ஆர்ஐ: கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் 14 வருஷமாக எம்ஆர்ஐ மெஷினில் வேலை பார்க்கிறேன். அம்பை, கடையம், களக்காடு, சங்கரன்கோவில் என்று சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவர்கள் கையில் டாக்டர் கொடுத்த சீட்டு இருக்கும்; அதில் காண்ட்ராஸ்ட், டைனமிக், பெர்ஃப்யூஷன் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். இந்த மூன்று வார்த்தைக்கும் அர்த்தம் கேட்காத ஆளே இல்லை. வரிசையில் பத்து பேர் காத்திருக்கும்போது நின்று விளக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் டெக்னீஷியன், படம் எடுப்பவன். உங்கள் படத்தைப் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்வது ரேடியாலஜி டாக்டரின் வேலை.

கேள்வி: "ஏ தம்பி, ஏற்கெனவே ஒரு ஸ்கேன் எடுத்தாச்சுல்லா, திரும்ப ஊசி போட்டு எதுக்கு?"

முதல் ஸ்கேனில் கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும். அந்தக் கட்டிக்கு ரத்தம் எப்படிப் போகிறது, போன ரத்தம் குழாய்க்குள்ளேயே நிற்கிறதா வெளியே கசிகிறதா என்பது அதில் அவ்வளவாகத் தெரியாது. டாக்டருக்கு இப்போது வேண்டியது அதுதான்.

1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு கருத்தைச் சொன்னார். தனக்கென்று புது ரத்தக் குழாய் வராதவரை ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது, அதனால் அந்தக் குழாய் வருவதைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றார். அப்போது பலர் நம்பவில்லை. பிறகு, குழாய்களை வளரவைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை அடக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டி தன் பக்கம் குழாயை இழுத்துக்கொள்கிறது என்றால், அந்தக் குழாய்களைப் பார்த்தால் கட்டியின் குணமும் ஓரளவு தெரியும். இரண்டாவது ஸ்கேன் அதற்காகத்தான்.

கேள்வி: கட்டிக்குள் இருக்கும் குழாய்க்கும் சாதாரண ரத்தக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால்வாய் தாமிரபரணியில் பிரிந்து, கிளை கிளையாகப் போய், மடை வழியாக வயலுக்கு அளவாகத் தண்ணீர் விடுகிறது. நல்ல ரத்தக் குழாயும் அப்படித்தான். பெரிய தமனி, சின்னத் தமனி, தந்துகி, சிரை என்று ஒழுங்கு இருக்கும், சுவர் இறுக்கமாக இருக்கும்.

கட்டியில் வளரும் குழாய்கள் அவசரத்தில் வெட்டிய ஓடை மாதிரி. கோணல்மாணலாக ஓடும், ஓரிடத்தில் அகலம், அடுத்த இடத்தில் ஒடுக்கம், சிலது எங்கேயும் போய்ச் சேராமல் முட்டுச்சந்தாக நிற்கும். சுவரில் செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். வரப்பில் நண்டு வளை போட்டால் என்ன ஆகும் என்று பிசான நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிய எல்லோருக்கும் தெரியும்: மடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வருவோம், காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்து வயல் நிறைந்திருக்கும். கட்டிக்குள்ளும் அதே கதை. கசிந்த நீர் வடிய வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறிவிடும், அதனால் கீமோ மருந்துகூட நடுப்பகுதிக்குச் சரியாகப் போய்ச் சேராது. கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்கா போன ராகேஷ் ஜெயின் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். குழாய்களை அடியோடு அழிப்பதைவிட, கொஞ்ச காலத்துக்குச் சீராக்கிவிட்டால் மருந்து நன்றாக உள்ளே போகும் என்று 2001-ல் சொன்னவர் அவர்.

நண்டு என்றதும் இன்னொன்று. கேன்சர் என்ற பேரே நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் ரத்தக் குழாய்கள் நண்டின் கால் மாதிரி இருந்ததால் அந்தப் பேர் வந்தது என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, ஸ்கேன் வருவதற்கு 2000 வருஷம் முன்னாடியே வைத்தியன் கண் முதலில் போனது ரத்தக் குழாய் மேல்தான்.

கேள்வி: ஊசியில் போடுவது சாயமா? கலரா?

எல்லோரும் டை என்கிறோம், ஆனால் அதில் கலர் கிடையாது, பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது கடோலினியம் என்ற உலோகம், அணு எண் 64. வெறும் உலோகமாகப் போட்டால் அது விஷம், அதனால் ஒரு வேதிக் கூண்டுக்குள் பூட்டிக் கொடுக்கிறார்கள். இப்படிப் பூட்டிய முதல் மருந்து 1988-ல் விற்பனைக்கு வந்தது.

எம்ஆர்ஐ மெஷின் கடோலினியத்தை நேராகப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது நம் உடம்புத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை. மெஷின் அனுப்பும் ரேடியோ அலை அந்த ஹைட்ரஜனைக் கலைத்துவிடும், பழைய நிலைக்குத் திரும்ப அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். கடோலினியம் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் திரும்பிவிடும், அந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாகத் தெரிகிறது என்றால் அங்கே மருந்து வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அளவு ஆளின் எடையைப் பொறுத்தது. 60 கிலோ எடை என்றால் பெரும்பாலான மருந்துகளில் 12 மில்லி வரும். கதிர்வீச்சு எதுவும் இல்லை.

கேள்வி: சாதாரண காண்ட்ராஸ்ட்டுக்கும் டைனமிக்குக்கும் என்ன வேறுபாடு?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் ரொம்பப் பேர் கேட்பதில்லை.

சாதாரண காண்ட்ராஸ்ட்டில் மருந்தைப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் படம் எடுப்போம். வயல் நிறைந்திருக்கிறதா இல்லையா என்று சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவது மாதிரி. டைனமிக்கில் மருந்து போடுவதற்கு முன்னாலேயே படம் ஓட ஆரம்பித்துவிடும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப, உறுப்பைப் பொறுத்துச் சில வினாடிக்கு ஒரு தடவையோ ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவையோ, ஐந்து நிமிஷத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டே இருப்போம். மடை திறந்ததிலிருந்து வரப்பில் நின்று, தண்ணீர் எந்த வேகத்தில் ஏறுகிறது, எப்போது நிரம்புகிறது, எப்போது வடிகிறது என்று பார்ப்பது அது.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரத்தோடு வெண்மை எப்படி மாறுகிறது என்று ஒரு கோடு வரும். டாக்டர்கள் கர்வ் என்பது அதைத்தான். கட்டி எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதைவிட எத்தனை வினாடியில் வெள்ளையானது, அப்புறம் என்ன ஆனது என்பதில்தான் அதன் ரத்தக் குழாயைப் பற்றிய செய்தி இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அசையாதீங்க என்று நாங்கள் ஏன் கெஞ்சுகிறோம், ஃபிலிமை விட, படங்களைப் பதிந்து தரும் சிடி ஏன் முக்கியம் என்று எல்லாமே விளங்கிவிடும்.

கேள்வி: மார்பு ஸ்கேன் ரிப்போர்ட்டில் டைப் 3 கர்வ் என்று போட்டிருக்கிறது. புற்றுநோய் என்று அர்த்தமா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். மார்புக் கட்டிகளில் மூன்று விதமான கோடு வரும். கடைசி வரை மெதுவாக ஏறிக்கொண்டே போனால் டைப் 1. ஃபைப்ரோஅடினோமா மாதிரி சாதுவான கட்டிகளில் இதுதான் அதிகம். ஏறிச் சமமாக நின்றால் டைப் 2. ஒன்றரை இரண்டு நிமிஷத்துக்குள் சட்டென்று ஏறி, உடனே இறங்க ஆரம்பித்தால் டைப் 3. கசியும் குழாய் நிறைய இருந்தால் மருந்து வேகமாக உள்ளே போகும், அதே வேகத்தில் திரும்பவும் வெளியே வரும், அதனால் டைப் 3 பார்த்தால் டாக்டர் உஷாராகிவிடுவார். ஆனால் சாதுவான கட்டியிலும் சில சமயம் டைப் 3 வரும். பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்ப நிலைப் புற்றுநோய் டைப் 1 காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கவும் செய்யும். கட்டியின் உருவம், ஓரம், மற்ற படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். கடைசித் தீர்ப்பு, கட்டியில் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்சி சொல்வதுதான். ரிப்போர்ட்டில் ஒரு வரியை வாசித்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து டாக்டரிடம் காட்டும்வரை அந்த வரியை மனசில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு ஒரு விஷயம்: அவசரமில்லை என்றால் மாதவிலக்கு தொடங்கி இரண்டாவது வாரத்தில் மார்பு எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. மற்ற நாட்களில் நல்ல திசுவே மருந்தை இழுத்து வெளுத்துப்போய்க் கட்டியை மறைத்துவிடலாம். சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கே டிரான்ஸ் என்று ஒரு எண் போட்டிருக்கிறார்களே, அது என்ன?

வேகத்தைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கணக்குப் போட்டு எடுக்கும் எண் அது. ரத்தத்திலிருந்து திசுவுக்குள் நிமிஷத்துக்கு எவ்வளவு மருந்து கடக்கிறது என்பதைச் சொல்லும். பால் டாஃப்ட்ஸ் என்பவரும் கூட இருந்த ஒருவரும் 1991-ல் இதற்கான கணக்கைக் கொடுத்தார்கள். ஆளாளுக்கு ஒரு பேர் வைத்துக் குழம்பியதால், 1999-ல் எல்லோரும் கூடி ஒரே பேரும் குறியீடும் வைத்துக்கொண்டார்கள்.

வாய்க்காலையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வயலில் தண்ணீர் ஏறும் வேகம் இரண்டைப் பொறுத்தது: வாய்க்காலில் எவ்வளவு வருகிறது, வரப்பில் எத்தனை நண்டு வளை இருக்கிறது. வாய்க்காலில் கொஞ்சம்தான் வருகிறது என்றால் எத்தனை வளை இருந்தும் பிரயோஜனமில்லை. நிறைய வந்தாலும் வளையே இல்லை என்றால் உள்ளே ஏறாது. கே டிரான்ஸ் இந்த இரண்டும் கலந்த எண். எண் குறைந்தால் கசிவு குறைந்ததா, வரத்தே குறைந்ததா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூடவே விஇ என்று ஒன்று வரும், அது செல்களுக்கு நடுவே மருந்து நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. நாற்றை நெருக்கி நட்ட வயலில் தண்ணீர் நிற்க இடம் கம்மி, அந்த மாதிரி.

இந்தக் கணக்குக்குக் கட்டி மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு பெரிய தமனியிலும் மருந்து ஏறி இறங்குவதை அளக்க வேண்டும். பாபநாசம் அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தெரியாமல் கடைமடை வயலை மட்டும் பார்த்து என்ன சொல்ல முடியும்? ஆளுக்கு ஆள் இதயம் தள்ளும் வேகம் மாறும். அதனால்தான் ஓர் ஊரில் வந்த எண்ணையும் இன்னோர் ஊரில் வந்த எண்ணையும் நேருக்கு நேர் வைத்துக் கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று சொல்வது ஆபத்து. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டியிருந்தால் முடிந்தவரை அதே மெஷினில், அதே மாதிரி எடுங்கள்.

கேள்வி: மூளைக் கட்டிக்கு பெர்ஃப்யூஷன் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் இதுதானா?

ஒரே குடும்பம், வேறு முறை. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் ரொம்ப இறுக்கமானது, கடோலினியத்தை வெளியே விடாது. மூளையில் ஓரிடம் வெளுக்கிறது என்றாலே பெரும்பாலும் அந்தச் சுவர் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பெர்ஃப்யூஷனில் பெரும்பாலும் மருந்து முதல் தடவை குழாய் வழியாகப் பாய்ந்து போகும் அந்தச் சில வினாடிகளைப் பிடிப்போம். இதில் மருந்து போகும்போது படம் வெளுக்காது, கருக்கும். எவ்வளவு கருக்கிறது என்பதை வைத்து அந்த இடத்தில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று கணக்கு எடுப்பார்கள்.

இது எதற்கு உதவும் என்று என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். பெரியப்பாவுக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைத்து (ரேடியேஷனைத்தான் நம்ம பக்கம் அப்படிச் சொல்வோம்), கீமோ மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வெளியூரில் ஓரிடத்தில் சாதாரண காண்ட்ராஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு, வெள்ளை கூடியிருக்கிறது, கட்டி திரும்ப வளர்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் பெர்ஃப்யூஷனோடு எடுத்தோம். வெள்ளையாக இருந்த இடத்தில் ரத்த அளவு குறைவாக இருந்தது. ரேடியேஷனால் குழாய்ச் சுவர் புண்ணாகி மருந்து கசிகிறது, வளர்ச்சி மாதிரி தெரியவில்லை, சிகிச்சையைத் தொடரலாம் என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேனில் வெள்ளை குறைந்தது. சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதத்தில் இப்படிப் பொய்யாக வளர்ந்த தோற்றம் வருவது தெரிந்த விஷயம்தான். எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லவில்லை, நிஜமாகவே வளர்ந்திருந்த படங்களும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாரத்தை இன்னொரு குடும்பம் அனுபவிக்க வேண்டாம்.

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பெவாசிசுமாப் கொடுத்த ஒன்றிரண்டு நாளிலேயே படத்தில் வெள்ளை மளமளவென்று குறைந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த மருந்து முதலில் செய்வது கசிவை அடைப்பதுதான், கட்டியின் செல்கள் அப்படியே இருக்கலாம். அதனால் 2010 முதல் இந்த மாதிரி மருந்து கொடுத்த மூளைக் கட்டியை டாக்டர்கள் வெள்ளையை மட்டும் வைத்து அளப்பதில்லை, டை ஏறி வெளுக்காத பகுதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஈரலுக்கு எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சொல்லி எடுக்கிறீர்களே?

ஈரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் தமனியிலிருந்துதான் ரத்தம் எடுத்துக்கொள்ளும். தமனியில் மருந்து முதலில் வரும், அப்போது கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும்; பிறகு சிரை வழியாக மருந்து வந்து ஈரல் முழுக்க வெளுக்கும்போது கட்டி கறுத்துப்போகும். அந்த முதல் கட்டம் சில வினாடிதான். அப்போது மூச்சு விட்டால் ஈரல் நகர்ந்து படம் கலங்கிவிடும்.

கேள்வி: கொஞ்சம் அசைந்தால் என்ன? திரும்ப எடுக்க மாட்டீர்களா?

சாதாரணப் படம் என்றால் திரும்ப எடுக்கலாம். டைனமிக்கில் முடியாது. மருந்து ஒரு தடவைதான் முதல்முறையாக உள்ளே போகும்.

களக்காடு பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி மார்பு ஸ்கேனுக்கு வந்திருந்தார்கள். குப்புறப் படுக்கவைத்து, காதில் பஞ்சு வைத்து, கையில் எங்களைக் கூப்பிட அமுக்கும் அவசர பலூனைக் கொடுத்து, எல்லாம் சொல்லியாயிற்று. மருந்து ஏறிய பத்தாவது வினாடி கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், ஆச்சி தலையைத் தூக்கித் தன் கையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மைக்கில் கேட்டால், "ஐஸ் தண்ணி கணக்கா என்னமோ ஏறுதுல்லா அய்யா, அதான் பார்த்தேன்" என்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, குளிரும் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு எடுத்த கோடு எதற்கும் உதவவில்லை, இன்னொரு நாள் அவ்வளவு தூரம் திரும்ப வரவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மருந்துக்கு முன்னால் கொஞ்சம் சலைனை அதே வேகத்தில் ஏற்றி, இப்படித்தான் குளிரும், வாயில் இரும்பு ருசி வரலாம், லேசாகக் குமட்டலாம், ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

கேள்வி: வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் செருகிவைக்கும் குழாய் ஊசி) ஏன் பெரிசாகப் போடுகிறீர்கள்?

கையால் மெதுவாக ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் வேகம் மாறிவிடும். அதனால் இன்ஜெக்டர் மெஷின் வினாடிக்கு 2 முதல் 4 மில்லி, மூளை பெர்ஃப்யூஷனுக்கு 5 மில்லி வரைகூட ஏற்றும். நீலக் கலர் சின்ன ஊசி அந்த வேகத்துக்குச் சரிப்படாது, பிங்க் அல்லது பச்சை வேண்டும். கீமோ போட்டு நரம்பு சுருங்கியவர்களுக்குக் கஷ்டம்தான். முந்தின நாள் நிறையத் தண்ணீர் குடித்து, எந்தக் கையில் நரம்பு நன்றாகக் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஏற்றும்போது கை எரிந்தாலோ வீங்கினாலோ பலூனை உடனே அமுக்குங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கிட்னிக்குக் கெடுதலா? மூளையில் தங்கிவிடும் என்கிறார்களே?

கடோலினியம் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். கிட்னி நன்றாக இருந்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும், ஒரு நாளைக்குள் கிட்டத்தட்ட எல்லாமும். கிட்னி ரொம்பப் பழுதானவர்களுக்குத் தோலும் தசையும் இறுகிப்போகும் ஒரு நோய் வரலாம் என்று 2006-ல் தெரியவந்தது. அதனால்தான் கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்கிறோம். அதிலிருந்து கணக்கிடும், கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் என்ற எண் 30-க்குக் கீழே இருந்தால், டயாலிசிஸில் இருந்தால், டாக்டர் யோசித்துத்தான் முடிவு செய்வார். வளையக் கூண்டில் பூட்டிய இப்போதைய மருந்துகளில் அந்த நோய் மிக மிக அரிது.

மூளையில் துளி அளவு தங்குகிறது என்பது 2014-ல் வெளிவந்தது, உண்மைதான். பழைய, திறந்த கூண்டு வகையில் அது அதிகம், அதனால் ஐரோப்பாவில் 2017-ல் அந்த வகையில் பலவற்றை நிறுத்திவைத்தார்கள். அப்படித் தங்கியதால் மூளைக்குக் கெடுதல் வந்ததாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. என் அபிப்பிராயம்: தேவையில்லாமல் போடக்கூடாது, தேவைப்படும்போது பயந்து தட்டிக்கழிக்கவும் கூடாது. எந்த வகை மருந்து போடுகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன். சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பாலில் போவது 0.04 சதவீதத்துக்கும் குறைவு, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்றே வழிகாட்டுதல் சொல்கிறது. கர்ப்பமாக இருந்தால், அல்லது சந்தேகம் இருந்தால்கூட, கட்டாயம் முன்னாலேயே சொல்லுங்கள். மிகவும் அவசியம் என்றால் ஒழிய போடமாட்டோம். மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தச் சொல்வது சிடி ஸ்கேனில் போடும் அயோடின் மருந்துக்காக. இதற்கு வழக்கமான அளவில் நிறுத்தத் தேவையில்லை, இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊசியே இல்லாமல் பார்க்க முடியாதா?

மூளைக்கு ஏஎஸ்எல் என்று ஒரு முறை இருக்கிறது. கழுத்து வழியாக மேலே போகும் ரத்தத்துக்கே காந்தத்தால் அடையாளம் வைத்து, அது மூளைக்குள் போவதைப் பார்ப்பார்கள். கிட்னி பழுதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது. ரத்த ஓட்டத்தைச் சொல்லும், கசிவைச் சொல்லாது. படமும் கொஞ்சம் மங்கல்.

கேள்வி: முடிந்ததும் பஸ்ஸில் ஊருக்குப் போகலாமா? ஃபிலிம் மட்டும் போதுமா?

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஃபிலிம் மட்டும் போதாது. ஒரு டைனமிக் ஸ்கேனில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் இருக்கும், ஃபிலிமில் அச்சாவது அதில் கொஞ்சம்தான். கோட்டைத் திரும்ப வரையவோ கணக்கைத் திரும்பப் போடவோ முழுப்படமும் உள்ள சிடி வேண்டும். ஃபிலிமைப் பத்திரமாகப் பைக்குள் சுருட்டாமல் கொண்டுவருகிறவர்கள், சிடியை வீட்டில் பேரப்பிள்ளை விளையாடிக் கீறிவிட்டது என்று வெறுங்கையோடு வருகிறார்கள். சிடி வாங்கும்போது கவுண்டரிலேயே போட்டுப் பார்த்து, டைனமிக் படங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். மேலே பேரும் தேதியும் எழுதி, வீட்டில் ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.